படிக்காமலே சாராம்சம் சொல்பவர்

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எழுத்து இருக்கிற எந்தக் காகிதத்தையும் கையில் வாங்கி, அதன் தலைப்பை ஒரு தடவையும் அடியிலுள்ள கையெழுத்தை ஒரு தடவையும் பார்த்து, எடை போடுவதுபோல் இரண்டு முறை குலுக்கி, நடுவில் கிடக்கும் விஷயம் தப்பித்தவறிக் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்ற கவனத்தோடு நாலாக மடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "அதாவது, இதோட சாராம்சம் என்னன்னா" என்று ஆரம்பிப்பவர்தான் அவர். கழற்றிக்கொண்டு என்பதைக் கவனியுங்கள். போட்டுக்கொண்டு அல்ல.

வாடகை ஒப்பந்தமா, ரத்தப் பரிசோதனை முடிவா, துணி துவைக்கும் இயந்திரத்தோடு வந்த கையேடா, அவருக்கு எல்லாம் ஒன்றே. படித்தவரிடம் ஒரு பலவீனம் உண்டு. படித்ததாலேயே சந்தேகம் வந்துவிடும். "அப்படியும் இருக்கலாம், இப்படியும் இருக்கலாம்" என்று குரல் இறங்கிவிடும். படிக்காதவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் குரலில் ஒரு கனம் இருக்கும். அதனால்தானே கையில் காகிதம் வந்ததும் நாம் அவரைத் தேடி ஓடுகிறோம்?

இந்த இனத்தில் முதல் தரமான ஒருவர், ஒரு மெய்ப்புத் திருத்துபவளுக்குத் தாய்மாமாவாக வாய்த்திருந்தார். குடும்பத்தில் அவருக்குச் சாராம்சம் மாமா என்றே பெயர். முப்பத்தோரு வருஷம் ஒரு பெரிய அலுவலகத்தின் தபால் பிரிவில் உட்கார்ந்து, வந்த காகிதங்களில் எல்லாம் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். சட்டம் முழுவதும் தன் விரல் நுனியில் இருப்பதாகச் சொல்லுவார். இருக்கலாம். குத்தும்போது பட்டிருக்குமல்லவா?

மருமகள் நேர் எதிர். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்துத் திணித்திருக்கிறார்களே ஒரு துண்டுக் காகிதம், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், நீங்களும் நானும் பெட்டியைத் திறந்ததும் முதலில் தூக்கிப் போடுகிறோமே, அதை அச்சடிக்கும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. அந்தத் துண்டை எழுத்தெழுத்தாக மூலத்தோடு ஒப்பிட்டு, மில்லி என்பது மைக்ரோ ஆகியிருக்கிறதா, 'கூடாது' என்பதில் கடைசி எழுத்து கழன்று 'கூடா'வோடு நிற்கிறதா என்று பார்ப்பவள். உலகத்தில் அந்தக் காகிதத்தை முழுதாகப் படிப்பவர் அவள் ஒருத்திதான் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். ஒன்பது வருஷமாக அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்துவந்தாள்.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிரசவ விடுப்பின் நாலாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில், குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துக்கொண்டிருந்தபோது கூரியர்காரர் வந்தார். கையெழுத்துப் போட ஒரு கை வேண்டும், உறையை வாங்க ஒரு கை வேண்டும், குழந்தைக்கு இரண்டு கை வேண்டும். எப்படியோ சமாளித்து, உறையைப் பல்லால் கிழித்துப் பார்த்தாள்.

கடிதம் இப்படிப் போயிற்று. தங்கள் குடும்பத்தின் புதிய முயற்சிக்கு நிர்வாகம் தன் மனமார்ந்த வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறது. மறுசீரமைப்பின் விளைவாகத் தங்கள் பணியிடம் தேவைக்கு மிகுதியானது என்று கண்டறியப்பட்டுள்ளது. இது குறித்துத் தங்களுடன் கலந்தாலோசிக்க நிர்வாகம் ஆவலாக உள்ளது. கலந்தாலோசனையின் முடிவு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தாங்கள் சிரமப்பட்டு நேரில் வர வேண்டியதில்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் போதும்.

முதல் தடவை வேலை போகிறவளாகப் படித்தாள். ஒன்றும் விளங்கவில்லை. காது அடைத்துக்கொண்டாற்போல் இருந்தது. இரண்டாம் தடவை தொழில் பழக்கத்தில் படித்தாள். நாலு பிழைகள் கண்ணில் பட்டன, 'கலந்தாலோசனை'யில் ஒரு துணைக்கால் அதிகம். மூன்றாம் தடவை படித்தபோதுதான் அழுகை வந்தது. குழந்தை தன் பங்குக்கு ஏப்பம் விட்டது.

பதினோரு மணிக்கெல்லாம் சாராம்சம் மாமா வந்துவிட்டார். அவருக்கு யார் சொன்னது என்று கேட்காதீர்கள். காகிதம் வந்த வீட்டின் வாசனை அந்த இனத்துக்கு எப்படியோ எட்டிவிடும். கடிதத்தை வாங்கினார். நிறுவனத்தின் முத்திரையைப் பார்த்தார். "நல்ல கனமான காகிதம்" என்றார். கையெழுத்தைப் பார்த்தார். மடித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கவலையே படாதேம்மா. இதோட சாராம்சம் என்னன்னா, பிரசவ லீவுல இருக்கறவங்க மேல ஒரு தூசு விழக் கூடாது. சட்டம் அப்படி."

"எந்தச் சட்டம் மாமா?"

"எல்லாச் சட்டமும்தான்."

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு எவ்வளவு ஆறுதல் கிடைத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். காபி போட்டுக் கொடுத்தாள். காபி உள்ளே போனதும் மாமாவின் சட்ட அறிவு இன்னொரு திசையில் வேலை செய்ய ஆரம்பித்தது.

"ஆனா ஒண்ணு. அந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பிடு."

"வேலை வேண்டாம்னு ஆயிடாதா மாமா?"

"அதான் இல்லை. நீ போட்டாத்தானே, மிரட்டிப் போட வச்சாங்கன்னு பின்னாடி சொல்ல முடியும்? போடவே இல்லைன்னா கேஸு எப்படி நிக்கும்?"

அவள் அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு மத்தியானம் கணவன் போன் செய்தான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன ஒரு பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து பேசினான்.

"மாமா என்ன சொன்னாரு?"

"தூசு விழாதாம். கையெழுத்துப் போடணுமாம்."

"அப்போ நம்ம வேலை போயிடுச்சா, இருக்கா?"

"தெரியலை. உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்கு இந்தச் சமாசாரமெல்லாம் ஓடாது. ஆனா ஒண்ணு சொல்றேன். ஒரு லிஃப்ட் எதுக்கு நின்னுச்சுன்னு கீழ நிக்கற இருபது பேர் இருபது காரணம் சொல்லுவாங்க. நான் மேல ஏறி மூடியைத் திறந்து பாத்துட்டுத்தான் வாயைத் திறப்பேன். உன்கிட்ட புக்கு ஏதோ குடுத்தாங்களே, சேர்ந்த அன்னிக்கு?"

கொடுத்திருந்தார்கள். 'ஊழியர் விதிமுறைக் கையேடு', எண்பத்து நாலு பக்கம். ஒன்பது வருஷத்தில் அது ஒரு தடவைகூடத் திறக்கப்படவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லுகிறோம். ஊரார் படிக்காததையெல்லாம் படிப்பவள், தனக்காக எழுதப்பட்டதைத் துணி அலமாரியில் குளிர்காலப் போர்வைக்கு அடியில் வைத்திருந்தாள்.

அன்று மத்தியானம் தொடங்கி மறுநாள் சாயங்காலம் வரை அதைப் படித்தாள். ஒரே மூச்சில் என்று நினைத்துவிடாதீர்கள். பால் கொடுக்கும் நேரத்தில் இரண்டு பக்கம், துணி காயப்போடும் நேரத்தில் ஒரு பக்கம். குழந்தையை மடியில் போட்டு விதிகளை வாய்விட்டுப் படித்தால் அது தூங்கியது. நிறுத்தினால் விழித்துக்கொண்டது. 'பயணப் படி' அத்தியாயம் முழுவதையும் அந்தக் காரணத்துக்காகவே இரண்டு முறை படிக்க வேண்டி வந்தது. குழந்தைக்குத் தங்கும் செலவு பற்றிய பகுதியில் நல்ல உறக்கம்.

நாற்பத்தேழாம் பக்கத்தில் அவள் விரல் ஒரு வரியில் நின்றது. பிரசவ விடுப்பில் இருப்பவரின் பணியிடத்தையும், உண்மையான காரணம் இருந்தால், நீக்கலாம் என்று போட்டிருந்தது. மாமா சொன்ன தூசு விழத்தான் செய்யும். புத்தகத்தை மூடிவிடலாம் என்று தோன்றியது. நம்மில் பலபேர் அங்கேதான் மூடுகிறோம். அவள் மூடாததற்குத் தைரியம் காரணமில்லை. வாக்கியம் முடியாமல் அடுத்த பக்கத்துக்குத் தாவியிருந்தது, முற்றுப்புள்ளி பார்க்காமல் விட அவள் கை பழகவில்லை.

அடுத்த பக்கத்தில் இருந்தது இது. விடுப்பில் இருப்பதையே காரணமாக்கி நீக்கக் கூடாது. முடிவெடுப்பதற்கு முன்னால் கலந்து பேச வேண்டும், எடுத்த பிறகு அல்ல. நிறுவனத்தில் பொருத்தமான வேறு பணியிடம் காலியாக இருந்தால், அதை மற்ற எவருக்கும் முன்பாக, நேர்காணல் இல்லாமல், விடுப்பில் இருப்பவருக்குத் தர வேண்டும். பேச்சுக்கு வரும்போது துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்.

குழந்தை தூங்கியதும் நிறுவனத்தின் வலைத்தளத்தைத் திறந்து பார்த்தாள். 'ஆள் தேவை' என்ற பகுதியில் ஒரே ஒரு விளம்பரம். பதவி: உரைத் தெளிவு ஒருங்கிணைப்பாளர். பணி: மருந்துத் துண்டறிக்கைகளை மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பிழை களைதல். அனுபவம்: ஒன்பது வருஷம் இருந்தால் நலம்.

புதன்கிழமை காலை தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தது ஒரு பெண்குரல், களைத்துப்போன குரல்.

"உங்க கம்பெனி ரூல் புக்குல என்ன போட்டிருக்குன்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். படிச்சிட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"முழுசாவா?"

"முழுசா."

"ஒரு நிமிஷம் இருங்க. பேனா எடுத்துக்கறேன்." அப்புறம் வந்த குரலில் களைப்பு இல்லை. "சொல்லுங்க. ம். ம். சரிதான், அரசாங்கச் சட்டமும் அதையேதான் சொல்லுது. அந்த விளம்பரத்தை இப்பவே படம் புடிச்சு வச்சுக்குங்க, எடுத்துடுவாங்க. பேசணும்னு எழுத்துல கேளுங்க. எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. உங்க மாமா சொன்னாருன்னு சொன்னீங்களே, அவர்கிட்ட என் பேரைச் சொல்லிடாதீங்க. இங்க வந்துடப் போறாரு."

எழுத்தில் கேட்டாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். கணவனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்ற விதியைச் சாராம்சம் மாமாவுக்கு அவள் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள். காலை எட்டு மணிக்கே தேய்த்த சட்டையோடு வாசலில் நின்றார்.

கூட்ட அறை கண்ணாடி அறை. பலகையில் யாரோ பாதி அழித்த 'நம் பலம் நம் மனிதர்கள்' என்ற வாசகத்தில் 'நம் பலம்' மட்டும் மிச்சமிருந்தது. மனிதவள மேலாளர் எழுந்து நின்று குழந்தையின் கன்னத்தைத் தொட்டார், அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மேஜைமேல் அவளுடைய கடிதத்தின் நகலை எடுத்து, தலைப்பைப் பார்த்து, கையெழுத்தைப் பார்த்து (அது அவருடையதுதான்), இரண்டு முறை குலுக்கி, மடித்தார். அந்தச் சைகைகள் அவளுக்குத் தெரியும்.

"சுருக்கமாச் சொல்லணும்னா மேடம்," என்றார், "சட்டப்படி நிர்வாகம் எந்த போஸ்டையும் எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்."

"சட்டப்படி ஒரு தூசு விழக் கூடாது தம்பி" என்றார் மாமா.

"எந்தப் பிரிவுல சார் அப்படி இருக்கு?"

"நீங்க சொன்னது எந்தப் பிரிவு?"

"நான் பொதுவாச் சொன்னேன் சார்."

"நானும் பொதுவாத்தான் சொன்னேன்."

இருவரும் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போன சகோதரர்கள் சந்திக்கும்போது இப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. மேலாளரின் முகம் மலர்ந்தது. சார் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். மாமா தபால் பிரிவைச் சொல்லாமல், "சட்டம் சம்பந்தமான காகிதமெல்லாம் நம்ம கையத் தாண்டித்தான் போகணும்" என்றார். அதுவும் உண்மைதானே. அப்போதிருந்து தூசு கொஞ்சம் விழலாம் என்று மாமா ஒத்துக்கொண்டார்; எப்போது வேண்டுமானாலும் என்பதை மாலை ஐந்து மணிக்குள் என்று மேலாளர் தளர்த்திக்கொண்டார். ஒருவர் படிக்காத சட்டத்தை இன்னொருவர் படிக்காத விதி வெட்டியும் ஒட்டியும் கால்மணி நேரம் போனது. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சமரசத்துக்கு வந்து, அதை அவளிடம் பெருமையோடு எடுத்து வைத்தார்கள்: படிவத்தில் அவள் கையெழுத்துப் போடுவது, ஆனால் பக்கத்தில் 'வருத்தத்துடன்' என்று எழுதிவிடுவது.

"ரெண்டு தரப்புக்கும் கௌரவமா இருக்கும்மா" என்றார் மாமா.

ஒன்பது வருஷத்து வேலை தன் சொந்த மாமாவின் கையாலேயே போகப் போகிறது என்று அவளுக்கு அப்போது பட்டது. பயம் மாறிக் கோபம் வந்தது. ஆனால் குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்ததால் கோபத்தையும் தாழ்ந்த குரலில்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"சார், நாப்பத்தேழாம் பக்கத்துலேருந்து நாப்பத்தெட்டு வரைக்கும் கொஞ்சம் படிச்சிடலாமா?"

"எதுல மேடம்?"

"நம்ம ரூல் புக்குல."

மேலாளர் தன் பிரதியை எடுத்துவரச் சொன்னார். வந்தது. அச்சகத்திலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே ஒட்டியிருந்தது. அவர் நகத்தால் கீறினார். வரவில்லை. பேனாவால் குத்தினார். மாமா தன் சாவிக்கொத்தை நீட்டினார். இரண்டு சட்ட நிபுணர்களும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்ததில் உறை படாரென்று கிழிந்தது. குழந்தை விழித்துக்கொண்டு கத்தியது.

"ஒண்ணுமில்லைம்மா, ஒண்ணுமில்லை" என்று தட்டிக்கொடுத்தபடி அவள் அறைக்குள் நடந்தாள். "நீங்க வாய்விட்டுப் படிங்க சார். விதி படிச்சா தூங்கிடும்."

ஆகவே மனிதவள மேலாளர் தன் நிறுவனத்தின் விதிகளை முதல் முறையாக, தாலாட்டுக் குரலில், ஒரு நாலு மாதக் குழந்தைக்குப் படித்துக் காட்டினார். நாற்பத்தேழாம் பக்கத்தில் அவர் குரல் உறுதியாக இருந்தது. நாற்பத்தெட்டில் மெதுவானது. 'நேர்காணல் இல்லாமல்' என்ற இடத்தில் நின்றுவிட்டது.

"இதை யாரு எழுதினது?" என்று கேட்டார்.

"கடைசிப் பக்கத்துல இருக்கும் சார்."

கடைசிப் பக்கத்துக்குப் போனார். 'தயாரிப்பும் ஒப்புதலும்' என்ற வரிக்குக் கீழே அவருடைய கையெழுத்து இருந்தது.

அவள் தன் பையிலிருந்து விளம்பரத்தின் பிரதியை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இந்த வேலைக்கும் என் வேலைக்கும் என்ன வித்தியாசம் சார்?"

"அது வந்து... இது ஒருங்கிணைப்பு மேடம்."

"எதை எதோட?"

மேலாளர் யோசித்தார். "உரையை," என்றார். இன்னும் யோசித்தார். "உரையோட."

"அதைத்தான் சார் நான் ஒன்பது வருஷமாப் பண்றேன். என் போஸ்டு போகட்டும், நான் அதுக்குச் சண்டை போடலை. இதை எனக்குத்தான் முதல்ல தரணும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பதிலை எழுத்துல குடுங்க. தொழிலாளர் நல அலுவலகத்துக்கும் ஒரு காப்பி அனுப்பணும்."

மேலாளர் உதவிக்கு மாமாவைப் பார்த்தார். மாமா பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த எட்டு நாட்கள் அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. அதற்குக் குழந்தை பாதிக் காரணம்தான். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலைப் பார்ப்பாள். தான் படித்ததையே நம்பாமல் நாற்பத்தெட்டாம் பக்கத்தை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. மெய்ப்புத் திருத்துபவர் பணியிடம் நீக்கப்படுகிறது. உரைத் தெளிவு ஒருங்கிணைப்பாளர் பணியிடம் அதே சம்பளத்தில், விடுப்பு முடிந்த மறுநாளிலிருந்து அவளுக்கு வழங்கப்படுகிறது. விடுப்பு முடியும் தேதியை, முப்பது நாள் உள்ள மாதத்தில் முப்பத்தொன்று என்று போட்டிருந்தார்கள். சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினாள். திருத்திய கடிதம் வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். அன்று மத்தியானம் குழந்தையோடு படுத்தவள், கணவன் வந்து கதவைத் தட்டித் தட்டிக் கடைசியில் தன் தொழிலைக் காட்டித் திறந்து உள்ளே வரும் வரை எழுந்திருக்கவில்லை.

சாராம்சம் மாமாவுக்கு இதில் மனவருத்தம் ஏதும் உண்டா? எதற்கு இருக்க வேண்டும்? உறவுக்காரர்களிடம் அவர் சொல்லிவருகிற வரலாற்றில் கண்ணாடி அறை இருக்கிறது, மேலாளர் இருக்கிறார், மாமா மேஜைமேல் ஓங்கி ஒரு தட்டு தட்டுகிறார், மேலாளர் எழுந்து வேலையைத் திருப்பிக் கொடுக்கிறார். மருமகளும் வந்திருந்தாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள. அவள் இதை மறுப்பதில்லை. ஒரு கல்யாண வயதுப் பெண் வேலை நியமனக் கடிதத்தோடு மாமாவைத் தேடி வந்தபோது மட்டும், மாமா கண்ணாடியைக் கழற்றுவதற்குள் குறுக்கே புகுந்து, "எங்கிட்டக் குடு, முதல்ல நாம ரெண்டு பேரும் படிச்சிடலாம்" என்று வாங்கிக்கொண்டாள்.

ஆனால் இந்த இனம் ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. நேற்று அவளே, குழந்தையின் படங்களைச் சேமிக்கப் புதிதாக ஒரு செயலியைப் போனில் ஏற்றும்போது, 'மேற்கண்ட அனைத்தையும் படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற கட்டத்தைக் கண் இமைக்காமல் தட்டினாள். அறுபது பக்கம் இருக்கும்.

நீங்கள் அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். இதைப் பொறுமையாக இவ்வளவு தூரம் படித்து வந்திருக்கிறீர்களே. நாளைக்கு அலுவலகத்திலோ பேருந்திலோ நிறைமாதமாக இருக்கும் ஒரு தோழியைப் பார்ப்பீர்கள். "நீ கவலைப்படாதே, பிரசவ லீவுல இருக்கறவங்களை வேலையை விட்டு எடுக்கவே முடியாதாம், நேத்துத்தான் ஒரு கட்டுரையில படிச்சேன்" என்று கனமான குரலில் சொல்லுவீர்கள். அவளும் மனம் குளிர்ந்து போவாள். அப்படியா இங்கே எழுதியிருக்கிறது? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்களேன்.